வியாழனைப் பார்க்க எந்த ஐபீஸ்? துபாய் மச்சானிடம் சொல்லிவிடும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு ஆரல்வாய்மொழியில். கையில் இருப்பது 8 இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப், அதாவது 203 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத்தூரம். கூடவே வந்த 25, 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இரண்டும் இருக்கின்றன. வியாழன் வெறும் வெளிச்ச உருண்டையாகத் தெரிகிறது, இரண்டு மேகப்பட்டை தெரிந்தால் அதிகம். துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வருகிறார், முப்பதாயிரம் வரைக்கும் ஒரு ஐபீஸ் வாங்கி வரச் சொல்லலாம். 4 மி.மீ. சொல்லட்டுமா, எந்தக் கம்பெனி நல்லது, வந்ததும் அது நல்ல சரக்குதான் என்று எப்படிச் சோதிப்பது. இதுதானே?

4 மி.மீ. வேண்டாம். கம்பெனிப் பெயரும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்கள் வானத்துக்கு எத்தனை மடங்கு உருப்பெருக்கம் ஒத்துவருகிறது என்று தெரிய வேண்டும், அது தெரியாமல் முப்பதாயிரத்தைக் கொடுத்தால் நான் செய்த அதே காரியத்தைத்தான் நீங்களும் செய்வீர்கள். பல வருடம் முன்பு ஒரு கடையில் பழைய 4 மி.மீ. ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன், என்னுடையதும் உங்களுடையதைப் போன்ற 1200 மி.மீ. டியூப்தான், 300 மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். வருடத்தில் ஏழெட்டு ராத்திரி அதைக் குழாயில் மாட்டியிருப்பேன், அதிலும் பாதி நேரம் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டேன். போதாக்குறைக்கு உள்லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்திருக்கிறது, வாங்கும்போது பார்க்கவே இல்லை. பூஞ்சை பற்றிப் பிறகு வருகிறேன்.

கணக்கு எளிது. டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். உங்கள் 25 மி.மீ. 48 மடங்கு தருகிறது, 10 மி.மீ. 120 மடங்கு. 8 மி.மீ. போட்டால் 150, 6 போட்டால் 200, 5 போட்டால் 240. வியாழன் பூமிக்கு நெருங்கி வரும் காலத்தில் 44 விகலைக்குக் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் விகலை) குறையாமல் இருக்கும், அதை 40 மடங்கு பெருக்கினாலே வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழு நிலவின் அளவு வந்துவிடும். 200 மடங்கில் ஐந்து நிலவு அகலம். ஆகவே "சின்னதாகத் தெரிகிறது" என்று தோன்றுவது மனசு செய்யும் ஏமாற்று, கறுப்பு வெளியில் தனியாக நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. விவரம் தெரியாததற்குக் காரணம் வேறு.

இன்னொரு கணக்கு, இது கொஞ்சம் முக்கியம். ஐபீஸின் குவியத்தூரத்தை டெலஸ்கோப்பின் எஃப் எண்ணால் (குவியத்தூரத்தை ஆடியின் அகலத்தால் வகுத்தால் வருவது, உங்களுடையது 5.9) வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் வரும், எக்சிட் ப்யூபில் என்பார்கள். 6 மி.மீ. ஐபீஸில் அது ஏறக்குறைய 1 மி.மீ. கோள்களுக்கு 1 மி.மீ.க்குக் கொஞ்சம் முன்னே பின்னே, கீழே போனால் 0.7 வரை, இதுதான் வசதியான இடம். அதற்கும் கீழே போனால் படம் மங்கும், அதோடு நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் புழு மாதிரியான இழைகள் வியாழன்மேல் ஊர ஆரம்பிக்கும். உங்கள் குழாயில் 4 மி.மீ. என்றால் 0.68. வாங்கக் கூடாது என்றில்லை, மூன்றாவதாக வாங்க வேண்டியது.

இப்போது வானத்துக்கு வருவோம், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்குத் தங்கள் அதிர்ஷ்டம் தெரிவதில்லை. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகை. கோள்கள் வான நடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ 25 டிகிரிக்கு மேல் பொதுவாக விலகுவதில்லை, அதனால் எந்தக் கோளும் உச்சிக்கு வரும்போது நமக்கு 55 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். 2018-ல் சனி தெற்கே இறங்கிக் கிடந்தபோது லண்டன்காரருக்கு அது அடிவானத்திலிருந்து 16 டிகிரிதான் ஏறியது, நாகர்கோவிலில் 59 டிகிரி. அடிவானத்துக்கு அருகே காற்றுப் படலம் தடிமன், படம் கொதிக்கும், ஓரத்தில் சிவப்பும் நீலமும் வழியும். இணையத்தில் படிக்கிற விமர்சனங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியவை. "150 மடங்குக்கு மேல் போகவே முடிவதில்லை" என்று அவர் எழுதினால் அது அவர் ஊர்க் கதை, "ஓரத்தில் கலர் அடிக்கிறது" என்று எழுதினால் அதில் பாதி அவர் ஊர்க் காற்றாக இருக்கலாம். அதை வைத்து நாம் ஐபீஸைத் தள்ளவும் கூடாது, சேர்க்கவும் கூடாது.

ஆனால் நீங்கள் இருப்பது ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றுதான் உங்கள் மொட்டை மாடியையும் கடந்து போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலை இடைவெளியில் பிதுங்கி வரும் காற்றுக்கு நடுவே நின்றுகொண்டு 200 மடங்கு கேட்பது, ஆற்று வெள்ளத்துக்கு அடியில் கிடக்கும் காசின் தலையைப் படிக்கப் பார்ப்பது மாதிரி. அந்த மாதங்களில் எந்த ஐபீஸையும் குறை சொல்லாதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, காற்று அடங்கின ராத்திரிகளில் பாருங்கள். முடிந்தால் ஒருநாள் குழாயை வண்டியில் ஏற்றி முட்டம் பக்கமோ, எங்கள் திங்கள்சந்தைப் பக்கம் தெரிந்தவர் விளை (தோப்பு) ஏதாவது இருந்தால் அங்கேயோ கொண்டுபோய் அதே 10 மி.மீ. ஐபீஸில் வியாழனைப் பாருங்கள். கடலிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று சீராக இருக்கும் ராத்திரியில் அந்த 10 மி.மீ.யே நாலு பட்டை காட்டும். கான்கிரீட் மாடியும் ஒரு வில்லன்தான், பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அதைவிடப் புல் தரை எவ்வளவோ மேல்.

அப்புறம் ஆடி நேராக இருக்கிறதா? கொலிமேஷன், அதாவது ஆடிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று, பார்த்து எத்தனை நாளாயிற்று? கடையிலிருந்து வந்த நாளிலிருந்து தொடவே இல்லை என்றால் மச்சானுக்கு இப்போது ஃபோன் செய்ய வேண்டாம். ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து 10 மி.மீ.யில் கொஞ்சம் ஃபோகஸ் விலக்குங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும், நடுவில் சின்ன ஆடியின் கறுப்பு நிழல். எல்லாம் ஒரே மையத்தில் இருந்தால் சரி. நிழல் ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் எந்த உயர்ந்த ஐபீஸும் உங்களுக்குத் துணி துவைத்த தண்ணீர் மாதிரியான படத்தைத்தான் தரும். "வெளிச்ச உருண்டை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இன்னொன்று, வியாழனைப் பார்க்கக் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டாம். நெபுலாவுக்குத்தான் இருட்டு வேண்டும். இருட்டில் ஊறிய கண்ணுக்கு வியாழன் கார் ஹெட்லைட் மாதிரி அடிக்கும், நிறமும் விவரமும் போய்விடும். மாடியில் ஒரு லைட் எரியட்டும், பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை இரண்டு நிமிஷம் பாருங்கள். இதற்குக் காசு இல்லை.

சரி, இவ்வளவும் சரியாக இருக்கிறது, இனி ஐபீஸ். நான் சொல்லும் வழி இது: முதலில் ஒரு சாதாரண ஜூம் ஐபீஸ். எஸ்விபோனி கம்பெனியின் 3-8 மி.மீ. ஜூம் உங்கள் குழாயில் 150 முதல் 400 மடங்கு வரை தரும். அல்லது 8-24 ஜூமும் ஒரு 2 மடங்கு பார்லோவும் (உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் இடை லென்ஸ்), அது 100-லிருந்து 300 வரை. ஒரு சீசன் முழுக்க அதை மட்டும் மாட்டி, ஒவ்வொரு ராத்திரியும் திருகிக்கொண்டே போய் படம் பெரிதாகிறதே தவிர புதிதாக எதுவும் தெரியவில்லை என்ற இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கி, அங்கே உள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் ஒரு ஜனவரி-ஏப்ரலில் இப்படி எழுதிவைத்தேன். 3, 4 எல்லாம் எப்போதாவது. பெரும்பாலும் என் கை நின்றது ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில். அன்றைக்குத்தான் அந்த 4 மி.மீ.க்குக் கொடுத்த காசு நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. உங்கள் நோட்டு வேறு எண் சொல்லலாம், மலைப் பக்கம் என்பதால் 7 அல்லது 8 வந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த எண்ணில்தான் நல்ல ஐபீஸ் வாங்க வேண்டும். ஒன்று போதும்.

அந்த ஒன்று எந்த வகை என்பதில்தான் ஆளாளுக்குச் சண்டை. பழைய ஆட்கள் ஆர்த்தோ, அதாவது ஆர்த்தோஸ்கோபிக் வகை, என்பார்கள். 1880-ல் எர்ன்ஸ்ட் ஆபே வடிவமைத்தது, மூன்று கண்ணாடி ஒட்டிய கட்டி ஒன்று, தனிக் கண்ணாடி ஒன்று, மொத்தம் நாலே கண்ணாடி. ப்ளோசல் அதற்கும் மூத்தது, வியன்னாக்காரர் ப்ளோசல் 1860-ல் செய்தது, இரட்டைக் கண்ணாடி இரண்டு. "கண்ணாடி குறைந்தால் படம் சுத்தம்" என்ற வேதவாக்கு அந்தக் காலத்திலிருந்து வருகிறது. அப்போது அது நியாயம்தான். பூச்சு இல்லாத கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், அது உள்ளேயே முட்டி மோதி, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பலாக்கும். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. இன்றைய நல்ல பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்புக்கு அரை சதவீதம்கூடப் போகாது. இப்போது ஏழு எட்டுக் கண்ணாடி உள்ள ஐபீஸ்கூட நாலு கண்ணாடிக்காரனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முழுக்கச் சமம் என்று சொல்லமாட்டேன், நல்ல ஆர்த்தோவில் சனியின் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு ஒரு நூல் கூடுதல் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நூல்தான்.

உங்களுக்கு ஆர்த்தோ வேண்டாம் என்பேன். காரணம் படம் இல்லை, உங்கள் டாப்சோனியனுக்கு மோட்டார் கிடையாது. வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 200 மடங்கில் 40 டிகிரி அகலம் காட்டும் ஆர்த்தோவில் வியாழன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 48 நொடி. 50 டிகிரி ப்ளோசலில் ஒரு நிமிஷம். 82 டிகிரி காட்டும் நேக்லர் என்ற அகலக்கோண வகையில் ஒன்றரை நிமிஷத்துக்கும் மேல். தள்ளிவிட்ட ஆட்டம் அடங்க மூன்று நாலு நொடி, பிறகு கண் நிலைகொள்ள சில நொடி, அதற்குள் பாதி நேரம் போயிருக்கும். கோள் பார்ப்பது என்பதே காற்று ஒரு விநாடி அசையாமல் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதுதான். அந்தக் கணம் வரும்போது நீங்கள் குழாயைத் தள்ளிக்கொண்டிருந்தால் போச்சு.

இன்னொன்று கண் வைக்கும் தூரம், ஐ ரிலீஃப். 6 மி.மீ. ஆர்த்தோவிலோ ப்ளோசலிலோ அது 5 மி.மீ. கிட்டத்தான். இமை மயிர் லென்ஸைத் துடைக்கும். நம் ஊர் வேர்வையில் பத்து நிமிஷத்தில் லென்ஸ் எண்ணெய்ப் பிசுக்கு, கண்ணின் சூட்டுக்கு ஆவி வேறு படியும். குளிர்நாட்டுக்காரருக்குப் பனி, நமக்கு வேர்வை. 10 மி.மீ.க்குக் குறையாமல், 15-20 இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் பயப்படத் தேவையில்லை, 1 மி.மீ. எக்சிட் ப்யூபிலில் பெரும்பாலோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகிக்கொண்டால் போதும்.

ஆகவே உங்கள் நோட்டு 6 அல்லது 7 என்று சொன்னால் 60-70 டிகிரிக்காரர்களில் தேடுங்கள். டெலிவ்யூ டெலைட் 62 டிகிரி, பென்டாக்ஸ் எக்ஸ்.டபிள்யூ 70 டிகிரி, இரண்டிலும் 20 மி.மீ. ஐ ரிலீஃப். இவை மேல்தட்டு, வாங்கும் ஊரைப் பொறுத்து உங்கள் முப்பதாயிரத்தைத் தொட்டோ தாண்டியோ நிற்கும். அதற்குக் கீழே விக்சன் எஸ்.எல்.வி., 20 மி.மீ. ஐ ரிலீஃப் இதிலும் உண்டு, அகலம் மட்டும் 45-50 டிகிரி. ஆனால் படம் ஆர்த்தோவின் சுத்தத்துக்கு மிக அருகே. பணத்துக்கு நியாயம் செய்வதில் என் வோட்டு அதற்குத்தான். மோட்டார் வைத்த மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கும் அடித்தளம்) ஒருநாள் வாங்கினால் பாடர் கிளாசிக் ஆர்த்தோ 6 மி.மீ. வாங்கிப் பாருங்கள், அப்போது நான் மேலே சொன்ன குறைகளில் பாதி காணாமல் போகும்.

வந்ததும் சோதிப்பது எப்படி? அவர் வருவது மழைக் காலமாக இருந்தாலும் பகலிலேயே பாதிச் சோதனை முடியும்.

முதலில் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உங்கள் 25 மி.மீ. ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்தால் பத்து மடங்கு பூதக்கண்ணாடி, அதை வைத்துப் புது ஐபீஸின் இரு முனைகளையும் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி பாவமில்லை. வலை மாதிரி, வேர் மாதிரி கிளைவிட்டு இருந்தால் பூஞ்சை, உடனே திருப்பிக் கொடுங்கள். பிறகு உள்ளே பாருங்கள். உள் சுவரும் லென்ஸ் ஓரங்களும் வளையங்களும் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். எங்காவது பளபளவென்று உலோகம் மின்னினால் ராத்திரி அது வியாழனைச் சுற்றிப் பனிமூட்டமாக வந்து நிற்கும்.

அடுத்து ஐபீஸைக் குழாயில் மாட்டி, சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிரே வெறும் வானத்தைப் பார்க்க வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சூரியன் பக்கம் குழாயைத் திருப்பாதீர்கள், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஓரடி தள்ளி நின்று ஐபீஸைப் பார்த்தால் நடுவில் சின்ன வெள்ளைப் பொட்டு மிதக்கும், அதுதான் எக்சிட் ப்யூபில். அதைச் சுற்றி நல்ல கறுப்பு இருக்க வேண்டும். பொட்டைச் சுற்றி இன்னொரு வெளிச்ச வளையமோ பிறையோ தெரிந்தால் உள்ளே ஒளி சிதறுகிறது என்று அர்த்தம். இதை 25 மி.மீ. ஐபீஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பகலில் நட்சத்திரமும் கிடைக்கும். காலை ஏழு மணிக்குள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது, தூரத்து மின்கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டரைப் பிடியுங்கள். வெயில் பட்டு அதில் ஒரு புள்ளி ஜொலிக்கும். அதுவே செயற்கை நட்சத்திரம். அதை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பிறகு மெல்ல ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓரத்தில் புள்ளி மங்கினால் ஃபோகஸைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் தெளிந்தால் அது வெறும் ஃபோகஸ் பரப்பின் வளைவு, பொறுத்துக்கொள்ளலாம். தெளியாமல் ஒரு பக்கம் கோடாகவும் மறுபக்கம் குறுக்குக் கோடாகவும் இழுத்தால் அது அஸ்டிக்மாட்டிசம், எஃப் 5.9 குழாயில் மலிவான அகலக்கோண ஐபீஸ்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வால் வைத்தது மாதிரி ஒரே திசையில் வெளியே நீண்டால் அது உங்கள் ஆடியின் கோமா, ஐபீஸ் மேல் பழி போடாதீர்கள். சந்தேகமிருந்தால் ஐபீஸை மட்டும் அதன் இடத்திலேயே சுழற்றுங்கள், குறை கூடவே சுழன்றால் ஐபீஸ். தலையைச் சாய்த்தால் சுழன்றால் உங்கள் கண்.

ராத்திரிச் சோதனையில் இரண்டு விதி. ஒரே உருப்பெருக்கத்தில் ஒப்பிட வேண்டும், மாற்றி மாற்றிப் போட வேண்டும். 6 மி.மீ. ஒன்றையும் 7 மி.மீ. ஒன்றையும் ஒப்பிட்டால் 7 எப்போதும் "கூர்மை"யாகத் தெரியும், சின்ன படம் எப்போதுமே கூர்மையாகத்தான் தெரியும், அதில் ஏமாறாத ஆள் இல்லை. ஒன்றை அரை மணி நேரம் பார்த்துவிட்டு மற்றதைப் போட்டால் நீங்கள் ஒப்பிட்டது ஐபீஸை இல்லை, எட்டரை மணிக் காற்றையும் ஒன்பது மணிக் காற்றையும்தான். வீட்டில் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எதைப் போட்டோம் என்று சொல்லாமல் மாட்டட்டும், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். என் மகள்தான் எனக்கு மாட்டித் தருவாள். ஒருமுறை "இதுதான் ஜப்பான் ஆர்த்தோ, கறுப்பைப் பார்" என்று நான் பெருமையடித்தேன், அது டெலஸ்கோப் பெட்டியோடு வந்த ப்ளோசல். "மக்கா, லைட்டைப் போடு" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

வியாழனை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள வானத்தைப் பாருங்கள், வட்டை அல்ல. வட்டின் விளிம்பிலிருந்து கறுப்பு உடனே தொடங்குகிறதா, இல்லை பால் சிந்தினது மாதிரி ஒரு பூச்சு பரவிப் பிறகு கறுக்கிறதா? ஐபீஸுக்கு ஐபீஸ் உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் "ஷார்ப்" என்று சொல்வதெல்லாம் முக்கால்வாசி இதுதான். பிறகு வியாழனைப் பார்வை வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுங்கள். ஓரத்திலிருந்து ஒரு கீற்று உள்ளே அடிக்கிறதா? பிறகு அதை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகரவிடுங்கள், எதிர்த்திசையில் மங்கலாக இன்னொரு வியாழன் நடந்து போனால் அது ஐபீஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு, பேய் உரு என்போம். அது துணைக்கோள் ஒன்றை மறைக்கும் அளவுக்கு வெளிச்சமாக இருந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இதே சோதனைக்கு நட்சத்திரத்தில் ரைஜெல் நல்ல வாத்தியார். ஓரியனின் கால், நமக்கு 73 டிகிரி உயரத்தில் போகும். பக்கத்தில் 9.5 விகலையில் அதைவிட ஏறத்தாழ 400 மடங்கு மங்கலான ஒரு துணை இருக்கிறது. 8 இஞ்ச் குழாயில் அது சுளுவாகத் தெரிய வேண்டும். ஒரு ஐபீஸில் பளிச்சென்றும் இன்னொன்றில் ரைஜெலின் வெளிச்சத்துக்குள் தத்தளித்தும் தெரிந்தால் தீர்ப்பு அங்கேயே எழுதியாயிற்று. கேட்டை நட்சத்திரமும், அதாவது அன்டாரஸும், துணை உள்ளதுதான். ஆனால் அது காற்றையே சோதிப்பதால் ஐபீஸ் ஒப்பிட அவ்வளவு சரிவராது.

நிறச் சோதனையில் பலர் ஏமாறுவது: வட்டின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. பார்வையின் நடுவிலும் அப்படியே இருந்து, மேல்-கீழ் திசை மாறாமல் நின்றால் அது வளிமண்டலம். கோள் இன்னும் ஏறட்டும், போய்விடும். நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போகும்போது வந்து, எதிர் ஓரத்துக்குப் போனதும் நிறங்கள் இடம் மாறிக்கொண்டால் அது ஐபீஸ். வெள்ளியிலும் நிலவின் விளிம்பிலும் இது இன்னும் எளிதாகத் தெரியும். கூடவே ஒரு எச்சரிக்கை, கோள் நம் ஊரில் தலைக்கு மேலேயே வந்து நின்றுவிடும், அங்கே டாப்சோனியனைத் திருப்புவது செக்கு மாட்டைப் பின்னால் நடக்கச் சொல்வது மாதிரி. உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள், 60-70 டிகிரி தாராளம்.

சனியில் காசினி இடைவெளியை (வளையத்தின் நடுவே தெரியும் கறுப்புக் கோடு) வைத்துச் சோதிக்காதீர்கள், வளையம் விரிந்திருந்தால் அது எல்லா ஐபீஸிலும் தெரியும். அதிலும் 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு மெல்ல விரிந்து வருவதால் சில வருடங்களுக்கு வளையத்தை வைத்து ஒப்பிடுவது சுலபமில்லை. கோளின் மேல் விழும் வளையத்தின் மெல்லிய நிழல், வட்டில் உள்ள பட்டைகளின் மங்கலான நிற வேறுபாடு, இவற்றைப் பாருங்கள். வியாழனில் துணைக்கோள் நிழல் விழும் ராத்திரி கிடைத்தால் அந்த நிழல் மை வைத்தது போல் கறுப்பா, பழுப்பா என்று பாருங்கள்.

பூஞ்சைக்கு வருகிறேன் என்றேனே. இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள மாவட்டம் நம்முடையது. ஐபீஸை அது வந்த தெர்மோகோல் பெட்டியோடு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு பை, நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடுவது. ஏ.சி. அறையில் வைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் போன உடனே கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், அரை மணி நேரம் டப்பாவைத் திறக்காமல் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். முட்டத்துக்குப் போய்வந்தால் உப்பு படிந்திருக்கும். முதலில் ஊதுகுழலால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, பிறகே லென்ஸ் பேப்பரில் சுத்தமான ஐசோப்ரோபில் ஆல்கஹால் ஒரு சொட்டு. சாரத்து (லுங்கி) நுனியால் துடைக்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து அதை ஐபீஸ் வரைக்கும் கொண்டுவராதீர்கள்.

மச்சான் வருவது இன்னும் நாலு மாதம் கழித்து என்றால் இப்போதே ஒரு ஜூம் மட்டும் வரவழைத்து நோட்டைத் தொடங்குங்கள். அடுத்த மாதமே வருகிறார், நோட்டுக்கெல்லாம் நேரமில்லை என்றால் 7 மி.மீ.க்குப் பக்கத்தில் ஒன்று சொல்லுங்கள், 170 மடங்கு, ஆரல்வாய்மொழிக் காற்றிலும் வீணாகாது. பில்லைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள், ஐபீஸை செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கொலிமேஷன் பார்த்ததும் அந்த வளையங்கள் எப்படி இருந்தன என்று எழுதுங்கள், மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.